நிற்கும் மோட்டாரின் பசி

சுவிட்சைப் போட்டதும் ரோபோ காரின் இரண்டு சக்கரங்களும் ஒரு துடி துடித்து நின்றுவிடுகின்றன. கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு துடிப்பு, மறுபடி நிறுத்தம். காரைக் கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரங்கள் ஜோராகச் சுற்றுகின்றன; தரையில் விட்டால் பழையபடி விக்கல். புத்தம்புது பேட்டரி போட்டால் சிறிது நேரம் ஒழுங்காக ஓடுகிறது, பிறகு திரும்பவும் அதே கதை.

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய இரவில் பொறியியல் கல்லூரி விடுதிகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. ஆர்டுயினோ உனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, மஞ்சள் பிளாஸ்டிக் கியர்பாக்ஸ் வைத்த மோட்டார்கள் இரண்டு, எல்298என் டிரைவர் போர்டு ஒன்று, சதுரமான 9 வோல்ட் பேட்டரி ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் இவற்றை ஒரே பையில் போட்டுத் தருவார்கள். கார் விக்கியதும் மாணவர்கள் செய்வதும் எங்கும் ஒன்றே. புரோகிராமைத் திறந்து ஒரு டிலேயைக் கூட்டுவார்கள், இன்னொன்றைக் குறைப்பார்கள். வேறு யாரோ எழுதியதை இறக்கி ஏற்றுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போர்டு போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிப் புதுசு வாங்குவார்கள். புதுப் போர்டும் விக்கும்.

எடைக்கும் புரோகிராமுக்கும் எந்த உறவும் கிடையாது. காரைத் தூக்கிப் பிடித்தால் குணமாகிற நோய் புரோகிராமில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தரையில் வைத்ததும் மாறுவது ஒன்றுதான்: மோட்டார் சுமக்கும் லோடு. ஆகவே விசாரணையை மோட்டாரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். தொடங்கினால், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அழகான இயற்பியல் உண்மையில் போய் நிற்போம்.

1821இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டார். கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தத்தைச் சுற்றிவரத் தொடங்கியது. உலகின் எல்லா மோட்டார்களுக்கும் மூதாதை அது. பத்தாண்டு கழித்து, 1831இல், அதே ஃபாரடே இதன் மறுபக்கத்தைக் கண்டார்: காந்தத்தின் அருகே கம்பியை அசைத்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அசைவு, அசைவு கொடுத்தால் மின்சாரம். இரண்டும் ஒரே கருவியால் முடியும் என்பது ஊரறிய விளங்கியது 1873இல், வியன்னா உலகக் கண்காட்சியில். பெல்ஜியத்தில் பிறந்த செனோப் கிராம் உருவாக்கிய டைனமோ ஒன்றை, சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு டைனமோவின் கம்பிகளோடு இணைத்தபோது அது தானே சுழன்று மோட்டாராக வேலை செய்தது. அந்த இணைப்பு தற்செயலாக நேர்ந்தது என்றே பெரும்பாலும் கதை சொல்கிறார்கள்.

நமக்கு வேண்டிய உண்மை இதற்கு ஒரு படி மேலே இருக்கிறது. மோட்டார் ஜெனரேட்டராக *மாற முடியும்* என்பதோடு விஷயம் முடிவதில்லை. மோட்டாராகச் சுற்றும் அதே கணத்தில் அது ஜெனரேட்டராகவும் இருக்கிறது. உள்ளே சுருள் காந்தப்புலத்தில் சுழல்கிறதல்லவா? சுழலும் சுருளில் மின்னழுத்தம் பிறந்தே தீரும். அந்த மின்னழுத்தம் எந்தத் திசையில் இருக்கும் என்பதை 1834இல் ஹைன்ரிக் லென்ஸ் சொன்னார்: தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில். பேட்டரி ஒரு பக்கம் தள்ள, மோட்டார் தன் பங்குக்கு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வேகம் ஏற ஏற எதிர்ப்பும் ஏறும்.

இதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அந்த மஞ்சள் மோட்டாரின் இரண்டு முனைகளையும் மல்ட்டிமீட்டரில் இணைத்து, சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றுங்கள். மீட்டர் வோல்ட் காட்டும். 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய வேடிக்கை. மின்சாரம் நிறுத்திய பிரிண்டரின் தட்டைக் கையால் வேகமாகத் தள்ளினால், மோட்டாரில் பிறக்கும் மின்சாரம் போர்டுக்குள் ஏறி அதன் திரை ஒரு கணம் ஒளிரும்.

இப்போது சின்னக் கணக்கு ஒன்று. மோட்டார் சுருளின் தடை 5 ஓம், நாம் கொடுப்பது 6 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் சுற்றும்போது மோட்டார் 5 வோல்ட்டை எதிராக உண்டாக்குகிறது. மிச்சம் 1 வோல்ட்தான் சுருளில் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. ஐந்தால் வகுத்தால் 0.2 ஆம்பியர். அதே மோட்டார் நின்றிருந்தால்? சுழற்சி இல்லை, எதிர்ப்பும் இல்லை. 6 வோல்ட்டும் முழுசாகச் சுருள்மீது விழுகிறது. 1.2 ஆம்பியர். ஆறு மடங்கு.

ஓடுகிற மோட்டாரைவிட நிற்கிற மோட்டார் அதிகம் குடிக்கிறது. முதல் தடவை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். உழைக்கிறவன்தானே அதிகம் சாப்பிட வேண்டும்? ஆனால் எந்த மோட்டாரும் நின்ற நிலையிலிருந்துதான் புறப்பட்டாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு புறப்பாட்டிலும் இந்த ஆறு மடங்குப் பசி ஒரு முறை வந்து போகிறது. வீட்டில் போர் மோட்டாரைப் போடும் கணத்தில் விளக்கு மங்கி மீள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு வகை மோட்டார், என்றாலும் காரணம் இதற்கு நெருங்கிய உறவு. கையில் தூக்கிய காரின் சக்கரம் லோடு இல்லாததால் கண்ணிமைப்பதற்குள் வேகம் பிடித்துவிடும். பசி வந்த வேகத்திலேயே அடங்கிவிடும். தரையில் கார் முழுவதையும் இழுத்துக்கொண்டு வேகம் பிடிக்க நேரமாகிறது. அவ்வளவு நேரமும் பேட்டரிமீது பாரம்.

அந்தப் பேட்டரி யார்? உள்ளே ஆறு குட்டிச் செல்களை அடுக்கி 9 வோல்ட் காட்டும் சதுரப் பெட்டி. மல்ட்டிமீட்டருக்குள்ளும் புகை எச்சரிக்கை மணிக்குள்ளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து மில்லி ஆம்பியர் கணக்கில் கொடுப்பதற்குப் பிறந்தது. அதன் உள்தடை புதிதாக இருக்கும்போதே ஓரிரு ஓம். தீரத் தீர ஏறும். 2 ஓம் என்று கொண்டால், இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுக்கும்போது 4 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே மடிந்துவிடும். வெளியே வருவது 5. உனோ போர்டின் பேட்டரி வாயிலுக்குப் பரிந்துரைக்கப்படுவது 7 முதல் 12 வோல்ட் வரை. அதற்குக் குறைந்தால் போர்டில் உள்ள ரெகுலேட்டரால் சிப்புக்கு முழு 5 வோல்ட் கொடுக்க முடியாது.

சிப்புக்குள் நடப்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். உனோவில் இருக்கும் ஏடிமெகா328பி விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளில் ஓடுகிறது. அந்த வேகத்தில் தவறில்லாமல் வேலை செய்ய அதற்குச் சுமார் 3.8 வோல்ட்டாவது தேவை என்பது தயாரிப்பாளர் தரும் வரைபடத்திலிருந்து தெரிகிறது. மின்னழுத்தம் சரிந்தால் சிப்பை ரீசெட் செய்ய உள்ளேயே ஒரு காவல் சுற்று உண்டு. ஆனால் உனோவில் அந்தக் காவலர் விழித்துக்கொள்ளும் எல்லை 2.7 வோல்ட். 3.8க்குக் கீழே, 2.7க்கு மேலே என்ன நடக்கும்? எதுவும் நடக்கலாம். சிப் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஓடுவது சரியாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஒரு கட்டளையைத் தவறாகப் படிக்கலாம், ஒரு எண்ணை மாற்றி வைக்கலாம், எங்கோ தாவிப்போய் உறைந்து நிற்கலாம். மின்சாரக் கோளாறு புரோகிராம் பிழையின் வேடம் போட்டு வருவது இந்த இடைவெளியில்தான். மாணவர்கள் இரவெல்லாம் புரோகிராமைத் தேடுவதில் ஆச்சரியமில்லை.

2.7க்கும் கீழே போனால் காவலர் வேலையைச் செய்கிறார். சிப் ரீசெட் ஆகிறது. ரீசெட் ஆன சிப் மோட்டாரை விட்டுவிடுகிறது. பாரம் நீங்கியதும் பேட்டரி தலைதூக்குகிறது. சிப் எழுந்து புரோகிராமை முதல் வரியிலிருந்து தொடங்கி, கடமை தவறாமல் மோட்டாரைப் போடுகிறது. திரும்பவும் பசி, திரும்பவும் சரிவு. சக்கரத்தின் விக்கல் இந்தச் சுழற்சியின் வெளித்தோற்றம்தான்.

இது நடக்கிறதா என்று அறிய ஒரு பைசா செலவில்லாத வழி இருக்கிறது. புரோகிராமின் தொடக்கப் பகுதியில், போர்டில் உள்ள சிறு எல்இடியை மூன்று முறை சிமிட்ட வையுங்கள். மோட்டார் ஓட வேண்டிய நேரத்தில் நடுவே அந்த மூன்று சிமிட்டல் மறுபடி வந்தால், சிப் செத்துப் பிழைத்திருக்கிறது என்று பொருள். புரோகிராமில் மேற்கொண்டு ஒரு எழுத்தையும் தொட வேண்டாம்.

மல்ட்டிமீட்டர் இங்கே ஏமாற்றும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளந்து காட்டுகிறது. சரிவு சில மில்லி விநாடிகளில் வந்து போய்விடும். “நான் அளந்து பார்த்துவிட்டேன், சரியாக 5 வோல்ட் இருக்கிறது” என்று சொல்கிற மாணவர் பொய் சொல்லவில்லை; அந்த மீட்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் மோட்டார் புறப்படும் இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து எழுவது தெரியும். ஆசிலாஸ்கோப் கிடைக்கவில்லையா, போர்டை யுஎஸ்பி வழியாகவும் மோட்டாரைத் தனிப் பேட்டரியிலும் ஓட்டிப் பாருங்கள். நோய் மறைந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது.

“ஒரு பெரிய கெப்பாசிட்டர் போடு, சரியாகிவிடும்” என்று ஓர் அறிவுரை பரவலாக உண்டு. அது அரை உண்மை. 1 ஆம்பியர் மின்னோட்டத்தை வெறும் 5 மில்லி விநாடிக்குத் தாங்கி, மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்கு மேல் விழாமல் பார்த்துக்கொள்ளவே 5,000 மைக்ரோஃபாரட் வேண்டும். வழக்கமாகப் போடும் 470 மைக்ரோஃபாரட் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஊசிமுனை போன்ற குறுகிய சரிவுகளை அது தாங்கும். மோட்டாரின் முழுப் புறப்பாட்டையும் தாங்காது. உருப்படியான வழிகள் இரண்டு. மோட்டாருக்குப் போதிய மின்னோட்டம் தரும் தனி பேட்டரி ஒன்று. இன்னொன்று, புரோகிராமில் வேகத்தை ஒரே அடியாக உச்சத்துக்கு ஏற்றாமல் கால் விநாடி எடுத்துக்கொண்டு படிப்படியாக ஏற்றுவது. மோட்டார் வேகம் பிடித்து எதிர்ப்பை உண்டாக்க அவகாசம் கிடைக்கும், பசி குறையும். புரோகிராமைத் தொடுவதால் பலன் கிடைக்கிற அபூர்வமான இடம் இது.

தனி பேட்டரி வைத்ததும் அடுத்த பொறி காத்திருக்கிறது. மின்னழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. சிப் ஒரு பின்னில் ‘5 வோல்ட்’ என்று சமிக்ஞை கொடுக்கிறது. எதிலிருந்து 5? அதன் சொந்த கிரவுண்டிலிருந்து. டிரைவர் போர்டு வேறொரு பேட்டரியின் கிரவுண்டை ஆதாரமாக வைத்திருந்தால் அந்த ‘5’க்கு அங்கே அர்த்தமே இல்லை. இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவ் முனைகளையும் ஒரு வயரால் இணைத்தே ஆக வேண்டும். இணைக்க மறந்தால் வரும் அறிகுறிகள் பேய்க்கதை மாதிரி இருக்கும்: வயரைத் தொட்டால் மோட்டார் ஓடும், கையை எடுத்தால் நிற்கும். வழிதவறி நிற்கும் சமிக்ஞைக்கு நம் உடம்பே தற்காலிகக் கிரவுண்டாகிவிடுகிறது.

போடும்போது பசி என்றால், நிறுத்தும்போது கோபம். சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் சுருள் அதை ஏற்காது. ஓட்டத்தைத் தொடரவைக்க எவ்வளவு மின்னழுத்தம் வேண்டுமோ அவ்வளவையும் தானே உண்டாக்கும். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி நீளமான கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது தீப்பொறி பறப்பதைக் கவனித்து 1832இல் எழுதினார். அந்தப் பண்பை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1 மில்லிஹென்றி சுருளில் ஓடும் 1 ஆம்பியரை ஒரு மைக்ரோ விநாடியில் வெட்டினால் சூத்திரப்படி வருவது 1,000 வோல்ட். நடைமுறையில் அவ்வளவு ஏறுவதற்கு முன்பே நடுவில் இருக்கும் டிரான்சிஸ்டர் உடைந்து வழிவிட்டுவிடும். நம் பைக்கில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கவைப்பதும் இதே விதிதான். அங்கே அது வரம், இங்கே சாபம்.

தடுக்கும் மருந்து மிக மலிவானது: ஒரு டையோடு. மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே, வழக்கமான திசையில் மின்சாரம் போகாதபடி தலைகீழாக வைக்க வேண்டும். துண்டிக்கப்பட்ட மின்னோட்டம் அதன் வழியே சுருளைச் சுற்றிச் சுற்றி வந்து அடங்கிவிடும். டையோடின் உடலில் வெள்ளிக் கோடு ஒன்று இருக்கும். அந்தக் கோடு பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் மோட்டாருக்கு முன் டையோடு பேட்டரியை விழுங்கிச் சூடாகிப் புகையும். ஒரே திசையில் ஓடும் மோட்டாருக்குத்தான் இந்த ஒற்றை டையோடு. இரு திசையிலும் ஓட்டும் டிரைவர்களுக்கு நான்கு வேண்டும். எல்298 சிப்புக்குள் அவை கிடையாது. அதைத் தாங்கிய போர்டில் வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கும். எல்293டி சிப்புக்குள் அவை அடக்கம். டையோடு இல்லாத சுற்று அன்றைக்கு ஓடும், அடுத்த நாளும் ஓடும். பிறகு ஒரு நாள் காரணமில்லாமல் டிரான்சிஸ்டர் செத்துக் கிடக்கும். அதனால்தான் பலர் அதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

மைக்ரோகன்ட்ரோலரின் பின்னிலேயே மோட்டாரை நேரடியாக இணைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு பின் நிம்மதியாகக் கொடுக்கக்கூடியது 20 மில்லி ஆம்பியர். 40க்கு மேல் போனால் சிப் காயப்படும். நம் கணக்கில் நிற்கும் மோட்டார் கேட்டது 1,200. பேச்சு அங்கே முடிந்தது. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரெயா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவானது. பெட்டியைத் திறந்த ஐந்தாவது நிமிடம் எல்இடி சிமிட்ட வேண்டும் என்பது அதன் பெருமை. எல்இடிக்கு அந்த எளிமை பொருந்தும், மோட்டாருக்குப் பொருந்தாது. மோட்டாரும் எல்இடியும் ஒரே மாதிரி இரண்டு வயர்தானே என்ற நினைப்பு அந்த எளிமையின் பக்கவிளைவு.

டிரைவர் போர்டும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எல்298 பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. 1 ஆம்பியர் ஓடும்போது அதற்குள்ளேயே ஏறத்தாழ 2 வோல்ட், சில வேளை 3 வோல்ட் வரை தொலைந்துவிடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போவது 4. மோட்டார் சோம்பிச் சுற்றுகிறது என்று புகார் சொல்லும் முன் அதன் முனைகளில் நேரடியாக மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. தொலைந்த 2 வோல்ட் எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். போர்டில் உள்ள கறுப்பு அலுமினியத் தகட்டைத் தொட்டால் சுடும். மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்களால் ஆன டிபி6612 போன்ற புதிய டிரைவர்களில் இழப்பு மிகக் குறைவு. சின்னக் கார்களுக்கு எல்298ஐ இன்னும் எல்லோரும் வாங்குவது பழக்கதோஷம் என்பது என் அபிப்பிராயம்.

மாஸ்ஃபெட்டைத் தனியாக வாங்கிப் போடுபவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு. ஐஆர்எஃப்520 என்ற மாஸ்ஃபெட் ஆர்டுயினோ மாட்யூலாகவே விற்கப்படுகிறது. ஆனால் அது முழுதாகத் திறக்க அதன் கேட்டில் 10 வோல்ட் கேட்கும். ஆர்டுயினோ கொடுப்பது 5. கதவு பாதி திறந்து நிற்கும். மோட்டார் மெதுவாக ஓடும், மாஸ்ஃபெட் கொதிக்கும். 5 வோல்ட்டுக்கே நன்றாகத் திறக்கிற ஐஆர்எல்இசட்44என் போன்றவை தனியே இருக்கின்றன. எதை வாங்கினாலும் கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 கிலோ ஓம் தடையம் ஒன்று அவசியம். சிப் விழித்தெழும் அந்தக் கொஞ்ச நேரம் அதன் பின்கள் யார் கட்டுப்பாட்டிலும் இருப்பதில்லை. தடையம் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் மோட்டார் தானாக உதறிக்கொண்டு கிளம்பலாம். பொம்மைக் காரில் அது சிரிப்பு; கத்தியோ கையோ இருக்கிற இயந்திரத்தில் அது விபத்து.

மோட்டாருக்குள் பிரஷ்கள் உரசும் இடத்திலும் நுண்ணிய பொறிகள் ஓயாமல் பறக்கின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி நிலையம். ஓடும் மோட்டார் அருகே மத்திய அலை வானொலியை வைத்தால் அதன் கரகரப்பைக் காதாலேயே கேட்கலாம். அந்தச் சத்தம் சென்சார் வயர்களில் ஏறினால், சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும் கணக்கு தப்பும். இல்லாத பட்டன் அழுத்தங்கள் பதிவாகும். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே, மோட்டாரின் உடலை ஒட்டி, 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்து, இரண்டு வயரையும் முறுக்கிக் கொண்டுபோனால் பெரும்பகுதி அடங்கும்.

புரோகிராம் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. ஆனால் அதில் வரும் பிழை பெரும்பாலும் நாம் எழுதிய வரியில் இருப்பதில்லை. 9ஆம் பின்னில் மோட்டாரின் வேகம் நன்றாகக் கட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். அதே காரில் சென்சாரைத் திருப்ப ஒரு சர்வோ மோட்டாரைச் சேர்த்து, அதற்கான லைப்ரரியை இணைத்த மறுகணம் வேகக் கட்டுப்பாடு போய்விடும். உனோவில் சர்வோ லைப்ரரி, 9, 10 ஆகிய பின்களின் வேகத் துடிப்புகளை உண்டாக்கும் அதே உள்கடிகாரத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. மோட்டாரை 5 அல்லது 6ஆம் பின்னுக்கு மாற்றினால் தீர்ந்தது. இன்னொன்று, குறைந்த வேகம் கேட்டால் மோட்டார் சுற்றாமல் ‘ங்ங்’ என்று முனகுவது. உனோ அந்தப் பின்களில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது விநாடிக்கு 490 அல்லது 980 முறை போட்டு நிறுத்தி. அந்தத் துடிப்பின் அதிர்வுதான் காதில் விழுகிறது. துடிப்பு கியர்களின் உராய்வை வெல்லப் போதவில்லை என்று அர்த்தம். முனகியபடி நிற்கும் மோட்டாருக்கு எதிர்ப்பு இல்லை என்பதை மறக்கக் கூடாது. நெடுநேரம் முனகவிட்டால் சுருள் சூடேறும்.

இவ்வளவு காரணங்களில் எது நம் காரில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சங்கிலியை நடுவில் வெட்ட வேண்டும். மோட்டாரைக் கழற்றி நேராகப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். ஓடினால் மோட்டார் நிரபராதி. டிரைவர் போர்டின் உள்ளீட்டு முனையில் ஆர்டுயினோவை எடுத்துவிட்டு ஒரு வயரால் 5 வோல்ட்டைக் கொடுங்கள். ஓடினால் டிரைவரும் நிரபராதி. பிறகு மோட்டாருக்குப் பதில் தடையத்தோடு ஒரு எல்இடியை வைத்துப் புரோகிராமை ஓட்டுங்கள். எல்இடி ஒழுங்காக எரிந்தால் புரோகிராமும் நிரபராதி. தனித்தனியாக எல்லோரும் நிரபராதி, சேர்ந்தால் மட்டும் குற்றம் நடக்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரத்தையும் கிரவுண்டையும்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். மூன்றை மாற்றியபின் ஓடினால், ஓடியது எதனால் என்று தெரியாமலே போய்விடும்.

மோட்டார் ஜெனரேட்டர் என்பதை வைத்தே ஒரு நோயைக் கருவியில்லாமல் கண்டறியலாம். 3டி பிரிண்டர்களில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டாரில் நான்கு வயர்கள். இரண்டு இரண்டாக ஒரு சுருளுக்கு. ஜோடி மாறினால் மோட்டார் சுற்றாமல் நின்ற இடத்தில் நடுங்கும். வயரின் நிறத்தை நம்ப முடியாது, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மோட்டாரை டிரைவரிலிருந்து கழற்றிவிட்டு, ஏதாவது இரண்டு வயரின் செம்பை ஒன்றோடொன்று தொடவைத்து, ஷாஃப்ட்டை விரலால் திருப்புங்கள். சட்டென்று கடினமாகத் திரும்பினால் அவை ஒரே சுருளின் இரு முனைகள். நீங்கள் திருப்பியதால் பிறந்த மின்சாரம் அந்த மூடிய வழியில் ஓடி, உங்கள் விரலையே எதிர்க்கிறது. லென்ஸ் சொன்னதை விரல் நுனியில் உணர்வதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

கையால் தொடவே முடியாத இடத்திலும் மோட்டார் தன் கதையை மின்னோட்டத்தின் வழியே சொல்லும். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தியில் ஆறு சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். அந்த ஆண்டின் நடுவிலேயே வலது முன்சக்கர மோட்டார் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் இழுக்கிறது என்பதைப் பூமியிலிருந்த பொறியாளர்கள் எண்களில் கண்டார்கள். உள்ளே எங்கோ உராய்வு கூடுகிறது. சூடேற்றியும் முன்னும் பின்னும் ஓட்டியும் மசகு எண்ணெயைப் பரவவிட முயன்றார்கள். ஊர்தியைப் பின்னோக்கி ஓட்டி அந்தச் சக்கரத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். 2006 மார்ச்சில் அது நின்றேவிட்டது. பிறகு செத்த சக்கரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தது ஸ்பிரிட். 2007இல் அந்தச் சக்கரம் கிழித்த தடத்தில் வெள்ளை வெளேரென்று மண் வெளிப்பட்டது. ஆராய்ந்தபோது ஏறத்தாழ 90 சதவீதம் தூய சிலிக்கா. பழங்காலத்தில் அங்கே வெந்நீர் ஊற்றோ நீராவித் துளையோ இருந்திருக்க வேண்டும் என்பதற்கு ஸ்பிரிட் தந்த சான்றுகளில் முக்கியமானது அது. 90 செவ்வாய் நாட்களுக்கென அனுப்பப்பட்ட ஊர்தி 2010 மார்ச் வரை பூமியோடு பேசிக்கொண்டிருந்தது.

நம் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு மோட்டாரின் நிற்கும் மின்னோட்டத்தை அளக்க ஐந்து நிமிடம் போதும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மோட்டாரோடு தொடராக இணைத்து, சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு விநாடி பேட்டரியைக் கொடுக்க வேண்டும். அந்த எண் கையில் இருந்தால் எந்த டிரைவர், எந்த பேட்டரி, எவ்வளவு தடித்த வயர் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஆர்டுயினோவின் வரலாற்றை நான்கு பக்கம் நகலெடுத்து ஒட்டுவதற்குப் பதில் அந்த ஒரு எண்ணை எழுதச் சொல்லுங்கள் என்று ரிவ்யூவுக்கு உட்காரும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதாதவர்களின் காரைத் தரையில் விட்டுக் காட்டச் சொல்லலாம்.